நெவில் ஹார்டேக்கர் நாவல் படித்த கதை

நெவில் ஹார்டேக்கர் செய்த குற்றம், ஒரு நாவலைப் படித்தது. முழுதாகக்கூடப் படிக்கவில்லை. கடைசி இரண்டு அத்தியாயங்கள் மிச்சம் இருக்கும்போதே பிடிபட்டுவிட்டார்.

படிக்கிற சாதியில் பிறந்தவர் அல்ல அவர். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வெதர்ஷா என்கிற ஊரில், நகராட்சியின் சாக்கடை உறிஞ்சும் லாரியை ஓட்டுபவர். சாலையோர வடிகால்களில் இலையும் சேறும் அடைத்துக்கொண்டால் தடித்த குழாயை இறக்கி உறிஞ்சி எடுக்க வேண்டும். மழை ஓயாத ஊரில் அந்த வேலைக்கும் ஓய்வில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவார். அதற்கு அவருக்குப் புத்தகத்தின் துணை என்றுமே தேவைப்பட்டதில்லை.

மகள் ரோவனுக்குப் பதினாறு வயது. கோடையில் பொதுத்தேர்வு. கால்நடைச் செவிலியர் படிப்புக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆங்கில இலக்கியத்தில் ஒன்று முதல் உச்சமான ஒன்பது வரையிலான நிலைகளில் ஐந்தாவதாவது வாங்கியாக வேண்டும். ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நெவில் ஒருமுறை கேட்டார்.

"எனக்குத் தெரியாதுப்பா," என்றாள் ரோவன். "ஆட்டுக்கும் தெரியாது."

பிப்ரவரி மாதத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோர்களை அழைத்தார்கள். நெவில் தன் மனைவி டெனிஸுடன் போனார். மதியச் சாப்பாட்டின் வறுத்த உருளைக்கிழங்கு வாசனை இன்னும் போகாத மண்டபத்தில், முதுகு வலிக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மிஸ்டர் கிரெஸ்வெல் நின்றிருந்தார். அவருக்கு 'தேர்வு விளைவுகளுக்கான துணைத் தலைமையாசிரியர்' என்று பதவி. முன்பு அவர் என்ன பாடம் நடத்தினார் என்பது யாருக்கும் நினைவில்லை.

"நாவல்னா என்ன?" என்று தொடங்கினார் கிரெஸ்வெல். "ஒரு பெரிய ஆவணம். அவ்வளவுதான். இந்த வருஷமும் பாடம் 'ஆஷ்கேட் சாவடி'தான். அறுநூறு பக்கம். தேர்வுல அதுக்கு முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரத்துல அறுநூறு பக்கத்தை எந்தப் பிள்ளையாலயும் எழுத முடியாது. அப்ப அதை எதுக்குப் படிக்கணும்? இந்தக் கேள்வியைக் கேட்கற துணிச்சல் இதுவரைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் வரல. எங்களுக்கு வந்துச்சு."

முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள்.

"மொத வருஷம் நாவலைச் சுருக்கினோம். மார்க் ஏறிச்சு. அடுத்த வருஷம் அந்தச் சுருக்கத்தைச் சுருக்கினோம். இன்னும் ஏறிச்சு. இப்படியே போனா, நாவல் ஒரு எழுத்துகூட மிச்சம் இல்லாம போற அன்னைக்கு நம்ம பிள்ளைங்க நூத்துக்கு நூறு வாங்கிரும்."

பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஊதா நிறப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே அட்டைகள் இருந்தன. ஒவ்வோர் அட்டையின் முன்பக்கமும் நாவலிலிருந்து ஒரு வரி. பின்பக்கம், அந்த வரியைப் படித்தால் என்ன உணர வேண்டும் என்கிற விவரம். அட்டைக்கு ஒரு கையசைவும் உண்டு. மூளை மறந்தாலும் தோள்பட்டை மறக்காது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்களாம்.

நெவில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கையைத் தூக்கினார்.

"சார், இந்தப் புத்தகம் எங்க கெடைக்கும்?"

"உங்க கையிலதான் இருக்கு."

"இது பொட்டி சார். நான் புத்தகத்தைக் கேட்டேன்."

மண்டபத்தில் தலைகள் திரும்பின. கிரெஸ்வெல் பரிவோடு சிரித்தார். "உங்க பேரு?"

"ஹார்டேக்கர். ரோவனோட அப்பா."

"மிஸ்டர் ஹார்டேக்கர், உங்க ஆர்வம் பாராட்ட வேண்டிய விஷயம். அதை இப்பவே கட்டுப்படுத்திக்கிட்டா எல்லாருக்கும் நல்லது."

டெனிஸ் அவர் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு நெவ். அங்க பாரு, ஓயாம பேசற கசாப்புக் கடைக்காரரே வாயை மூடிக்கிட்டு இருக்காரு."

வீட்டில் சமையலறை மேசையில் ஒத்திகை தொடங்கியது. டெனிஸுக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. ஆகவே அட்டை பிடிக்கும் பொறுப்பு நெவிலுக்கு வந்தது. ரொட்டியின் மேல் டப்பா அவரையைக் கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டே அவர் முதல் அட்டையை எடுத்து வாசித்தார்.

"'உள்ளே பார்க்க விரும்பாத பெட்டியின் மூடியைத் தூக்குவதுபோல் அவன் சாவடிக் கம்பத்தைத் தூக்கினான்.'"

ரோவன் எழுந்து நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கி, பிறகு மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டாள். "சமூகத் தடை. குறியீடு. வாசகர் இரக்கம் கொள்கிறார்."

"சரிதான் போல. யாரு இந்த ஆளு?"

"ஏமஸ். கதாநாயகி லெட்டிஸோட அப்பா. ரோட்டுல கம்பம் போட்டுச் சுங்கம் வாங்கற சாவடியைக் காக்கறவரு."

"என்ன மாதிரி ஆளு?"

"ஆணாதிக்கம்."

"அது சரிம்மா. ஆளு எப்படி?"

ரோவன் அட்டையை வாங்கிப் பின்பக்கத்தை மறுபடி பார்த்தாள். "வேற எதுவும் போடலப்பா."

"அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போறான்னு அடுத்த கார்டுல போட்டிருக்கே. திரும்பி வர்றாளா?"

"தெரியாது. அது தேர்வுல வராது."

நெவில் மறுநாள் வடிகாலில் குழாயை இறக்கிக்கொண்டிருக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் திரும்பி வந்தாளா இல்லையா? தெரியாத ஒருவர் வீட்டு விவகாரம் இப்படி மனதில் ஒட்டிக்கொண்டது அவருக்கே எரிச்சலாக இருந்தது. சனிக்கிழமை டெனிஸுக்காகத் திரைச்சீலை பார்க்க, நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் தர்மக் கடைக்குப் போனவர், பழைய தட்டுகளுக்கு நடுவில் 'ஆஷ்கேட் சாவடி'யைக் கண்டார். வாங்கினார். திரைச்சீலையை மறந்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் வைத்துப் படித்தார். அவரோடு வேலை செய்யும் காலின் சாண்ட்விச்சைக் கடித்தபடி எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, கோர்ட்டு நோட்டீஸா?"

"நாவல்."

"யாராவது படிக்கச் சொன்னாங்களா?"

"இல்ல."

காலின் சாண்ட்விச்சை முடிக்கும்வரை யோசித்தான். "டெனிஸுக்குத் தெரியுமா?"

முதல் அத்தியாயம் முழுக்க ஒரு குன்றைப் பற்றியே இருந்தது. அதில் நெவில் பலமுறை தூங்கினார். மூன்றாவது அத்தியாயத்தில் லெட்டிஸ் ஒரு பெரிய வீட்டில் வேலைக்குச் சேர ஊரை விட்டுக் கிளம்புகிறாள். தகப்பன் ஏமஸ் காலையிலிருந்து சாவடிக் கம்பத்தின் கீலைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். கீலில் துரு எதுவும் இல்லை. வண்டி வருகிறது. அவள் ஏறுகிறாள். அவர் கம்பத்தைத் தூக்குகிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டையில் இருந்த வரி அங்கேதான் வந்தது.

நெவில் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அன்றைக்கு அவருடைய சாண்ட்விச்சையும் காலின்தான் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு சமையலறையில் அட்டைகள் பெட்டியிலேயே கிடந்தன. ரோவன் பள்ளியிலிருந்து வந்ததும், "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பாள். நெவில் சொல்வார். நன்றாகச் சொல்லத் தெரியாது அவருக்கு. பெயர்களைக் குழப்புவார், நடுவில் நடந்ததை விட்டுவிட்டு முன்னால் போய்த் திரும்பி வருவார். ஆனாலும் அவள் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு கேட்டாள். அந்த வீட்டில் அப்பாவும் மகளும் ஒரு வேளைச் சாப்பாடு முழுக்கப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்ப அவரு கோவத்துல பேசாம இருக்கலியா?"

"கோவமா? பேசத் தெரியலம்மா அவருக்கு. அவரு பாட்டுக்குக் கீலைத் துடைச்சிக்கிட்டு நிக்கறாரு."

"உன்ன மாதிரி."

"நான் எங்க கீல் துடைச்சேன்?"

"நான் ஸ்கூல் டூருக்குக் கெளம்பினப்ப, பொட்டி சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கிட்டே இருந்தியே. பஸ்ஸே போயிருக்கும்."

நெவில் தலையைக் குனிந்துகொண்டு அவரையைச் சாப்பிட்டார். காதுகள் சிவந்திருந்தன.

மாதிரித் தேர்வு வந்தது. ஏமஸ் கொடுமைக்காரர் அல்ல, ஒருவேளை கூச்சப்படுகிற மனிதராக இருக்கலாம் என்று ரோவன் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். விடைத்தாள் சிவப்பாகத் திரும்பி வந்தது. ஓரத்தில், 'இது யார் சொன்னது? எந்த அட்டை?' என்று எழுதியிருந்தது. அடுத்த நாள் பள்ளியிலிருந்து நெவிலுக்குத் தொலைபேசி வந்தது.

கிரெஸ்வெல்லின் அறையில் மேசை மேல் ஒரு டிஷ்யூப் பெட்டி தயாராக இருந்தது. ஆங்கிலத் துறைத் தலைவி மிஸ் பெவெரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த பெண்மணி. பல வருடங்களாகச் சரியாகத் தூங்காதவர் போன்ற கண்கள்.

"இது தண்டனைக் கூட்டம் இல்ல," என்றார் கிரெஸ்வெல். "பாதுகாப்புக் கூட்டம். நேரா கேட்டுடறேன். வீட்டுல நாவல் இருக்கா?"

"வீட்டுல இல்ல சார். லாரில இருக்கு."

"பொண்ணு கைக்கு எட்டற மாதிரியா?"

"சீட்டுக்கு அடியில."

"அவ முன்னாடி படிச்சீங்களா?"

"படிக்கல. சொன்னேன்."

"எந்தெந்தப் பகுதி?"

"நடந்ததெல்லாம்."

மிஸ் பெவெரல் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. கிரெஸ்வெல் நாற்காலியில் சாய்ந்தார்.

"உங்க மேல தப்பு சொல்ல மாட்டேன் மிஸ்டர் ஹார்டேக்கர். பாசத்துல செஞ்சிட்டீங்க. முக்கால்வாசிப் பேரு பாசத்துலதான் செய்யறாங்க. நாங்க நாவலுக்கு எதிரி இல்ல. நானே ஒரு காலத்துல முப்பது பக்கம் வரைக்கும் போயிருக்கேன். ஆனா ஒண்ணு புரிஞ்சிக்கங்க. நாவலைப் படிச்ச பிள்ளைக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா 'ஒருவேளை'ன்னு எழுதும். 'ஒருவேளை'க்கு மார்க் கெடையாது. படிக்காத பிள்ளை எப்படி எழுதுது பாருங்க. ஒரு தடுமாற்றம் இருக்காது. போன வருஷம் ஒரு பையன் ஒன்பது வாங்கினான். லெட்டிஸ்னா ஏதோ ஒரு ஊருன்னு நெனச்சிக்கிட்டிருந்தான், கடைசி வரைக்கும். திருத்தினவங்களுக்கும் தெரியல. எங்களுக்கும் தெரியல. முடிவு வந்தப்ப வெச்ச விருந்துல அவனேதான் வந்து சொன்னான்."

நெவில் மிஸ் பெவெரல் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சிருக்கீங்களா மிஸ்?"

"காலேஜ்ல படிச்சேன்," என்றார் அவர் மெதுவாக. "கடைசி அத்தியாயம் ரயில்ல. எதிர்ல இருந்தவரு கைக்குட்டை கொடுத்தாரு."

கிரெஸ்வெல் தொண்டையைக் கனைத்தார்.

"இப்ப எதுவும் ஞாபகம் இல்ல," என்றார் மிஸ் பெவெரல்.

"மிஸ் பெவெரல் அதையெல்லாம் தாண்டி வந்துட்டாங்க," என்று கிரெஸ்வெல் பெருமையாகச் சொன்னார். "ரோவனும் வந்துருவா. காலேஜ் இடம் வேணும் இல்லையா?"

நெவில் எழுந்து லாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தார். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயர் ஒட்டி, பிள்ளைகளிடம் பிடுங்கிய கைப்பேசிகளும் மின் சிகரெட்டுகளும் இருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். தேர்வு முடிவு வரும்வரை கதை சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்தும் போட்டார்.

"சார், அந்தப் பொண்ணு திரும்பி வர்றாளான்னு மட்டும் யாராவது..."

"மிஸ்டர் ஹார்டேக்கர்."

ரோவனைச் சனிக்கிழமை மீட்பு வகுப்பில் போட்டார்கள். பெற்றோரும் கூட வர வேண்டும். லீட்ஸ் நகரத்திலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருந்தார். காதோரம் ஒலிவாங்கி, காலில் ஓட்டப்பந்தயக் காலணி. அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பிள்ளைகளும் தகப்பன்மார்களும் எழுந்து நின்று கைகளைத் தூக்கி, மார்பில் கட்டி, "தடை, குறியீடு, இரக்கம்" என்று முழங்கினார்கள். நெவிலுக்குப் பக்கத்தில் கசாப்புக் கடைக்காரர் வியர்வை வழியக் கைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க எலும்பு வெட்டினாலும் தோள் இப்படி வலித்ததில்லை என்றார்.

ரோவன் ஒரு சந்தேகம் கேட்டாள். "சார், ஏமஸுக்கு அவ போறது வருத்தமா இருந்திருந்தா?"

"யோசிக்காத கண்ணு," என்றார் ஆலோசகர், அன்பாகத்தான். "யோசிச்சா நேரம் போகும். நீ என்ன நெனக்கறேன்னு போட விடைத்தாள்ல எடமே கெடையாது. நான் அளந்து பார்த்துட்டேன்."

அன்று வீடு திரும்பியதும் அவள் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அப்பா, எனக்குத் தோணினதையே எழுதிரட்டுமா?"

நெவில் அவளைப் பார்த்தார். பனிக்காலம் முழுக்க வார இறுதிகளில் மலைமேல் பண்ணைக்குப் போய் ஆட்டுக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்து வந்தவள். அந்தக் கல்லூரியின் படத்தைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருப்பவள்.

"கார்டுல இருக்கறதையே எழுதும்மா."

"ஆனா அவரு அப்படி இல்லியே."

"இல்லதான். இருந்தாலும் கார்டுல இருக்கறதையே எழுது."

அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பிறகு ஊதாப் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அதற்கப்புறம் ஏமஸைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. சாப்பாட்டு மேசையில் மறுபடியும் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. நெவில் வேறொரு பிரதி வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தத் தர்மக் கடையைத் தாண்டும்போதெல்லாம், தெரிந்தவர் ஒருவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்காமல் விட்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேர்வில், 'ஏமஸ் கொடுமைக்காரத் தந்தையாக எவ்வாறு சித்திரிக்கப்படுகிறார்?' என்று கேட்டிருந்தார்கள். வெளியே வந்த மகளிடம் நெவில், "எப்படி எழுதின?" என்றார்.

"எல்லா கார்டும் எழுதிட்டேன். ஒண்ணு பாக்கி இல்ல."

"அப்ப நல்லதுதானே?"

"எனக்கு நல்லதுதான். அவருதான் பாவம்."

ஆகஸ்டில் முடிவு வந்தது. ரோவனுக்கு ஏழு. கல்லூரி இடம் உறுதியாகிவிட்டது. டெனிஸ் வேலையிடத்திலிருந்து தொலைபேசியில் அழுதாள். மண்டபத்தில் பலூன்கள் கட்டி, கிரெஸ்வெல் மேடையேறினார்.

"இந்தப் பொண்ணு ஒரு காலத்துல நாவலோட பிடியில இருந்தா," என்றார், ரோவனின் தோளில் கைவைத்து. "குடும்பத்துலயே அந்தப் பழக்கம் இருந்துச்சு. மறைக்க வேண்டியதில்ல. ஆனா அந்த அப்பா நேர்மையா வந்து புத்தகத்தை ஒப்படைச்சாரு. இன்னைக்கு ஏழு. நம்ம பள்ளிக்கூடத்தோட வரலாற்றுலயே இவ்வளவு சீக்கிரம் யாரும் தேறினதில்ல. அடுத்த வருஷத்துல இருந்து கார்டையும் பாதியாக்கறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற நெவிலைத் திரும்பிப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவரும் வேறு வழியில்லாமல் கொஞ்சம் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அவர் வரவேற்பு மேசைக்குப் போனார். அங்கே இருந்த பெண் அலமாரியைத் திறந்தாள்.

"போனா, சிகரெட்டா?"

"நாவல்."

"ஓ," என்று அவள் பையை இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தாள்.

மிஸ் பெவெரல் அந்தப் பக்கமாகக் கடந்துபோனார். பையைப் பார்த்தார். நடையை நிறுத்தாமலே, தாழ்ந்த குரலில், "கார்ல வெச்சுப் படிங்க. பொது எடத்துல வேண்டாம்," என்றார்.

காரில் ரோவன் இருக்கை வார்ப்பட்டியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா மடியில் பிரித்து வைத்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"முடிச்சியா?"

"ரெண்டு அத்தியாயம் இருக்கு."

அவள் கை நீட்டி வானொலியை நிறுத்தினாள். வார்ப்பட்டியை அவிழ்த்தாள். "படி."

நெவில் வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். திக்கித் திக்கித்தான் வந்தது. பெரிய சொற்களில் ரோவன் உதவினாள். வெளியே தூறல் கண்ணாடியை மூடிக்கொண்டு வந்தது. மற்றக் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

கதையில் பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு மாலைப் பொழுதில், பட்டுடுத்திய சீமாட்டியாக லெட்டிஸ் அந்த வழியே வருகிறாள். வண்டி சாவடியில் நிற்கிறது. ஏமஸ் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார். அவருக்குக் கண் முக்கால்வாசி போய்விட்டது. வண்டியில் யார் என்று கேட்கவில்லை. அவள் ஜன்னல் திரையைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். இறங்கவில்லை. அவர் கம்பத்தைத் தூக்குகிறார். வண்டி போகிறது. பின்னால் வேறு வண்டி எதுவும் இல்லை. ஆனாலும் சக்கரச் சத்தம் முழுதாக ஓயும்வரை அவர் கம்பத்தைக் கீழே இறக்கவில்லை.

அதோடு பக்கத்தில் பாதி வெறுமையாக இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் ரோவன்.

"அவ்வளவுதான்."

"அவதான்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

நெவில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "போடல."

"அவ ஏன் எறங்கல?"

"அதுவும் போடல."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நெவில் அவள் தலைமேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். அவருக்கும் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். கிரெஸ்வெல். பின்னால் குடை பிடித்தபடி ஒரு புகைப்படக்காரர். நெவில் கண்ணாடியை இறக்கினார்.

"இங்கதான் இருக்கீங்களா? பத்திரிகைக்கு ஒரு படம் எடுக்கணும். ரோவன், கார்டு பெட்டியைக் கையில வெச்சிக்கிட்டு..." குனிந்து பார்த்தவர் நிறுத்தினார். "ஏன் அழறா? ஏழு வந்திருக்கே." நெவில் முகத்தையும் பார்த்தார். "நீங்களுமா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் நெவில். "கதை முடிஞ்சிருச்சு."

கிரெஸ்வெல் மழையில் நின்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

"எந்தக் கதை?" என்றார்.